பதினோரு அப்பாக்களைப் பெற்றவர்

ஹாய்து தெஷோவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. ஆனாலும் ஒர்தாஷ் ஊரில் பதினோரு அப்பாக்களைப் பெற்றெடுத்தவர் அவர்தான்; அதுவும் அலுவலக நேரத்தில், அரசாங்க மையைத் தொட்டு.

ஊர்ச் சபையில் பிறப்பு, இறப்பு, கல்யாணம் மூன்றையும் பதிகிற பதிவாளர் வேலை அவருக்கு. போர் முடிந்த கையோடு புடாபெஸ்டிலிருந்து ஒரு சட்டம் வந்து இறங்கியது. தகப்பன் பேர் இல்லாத பிள்ளை என்று இனி நாட்டில் யாரும் இருக்கக் கூடாது. தாய்க்காரி பேரைச் சொல்லாவிட்டால் பதிவாளரே ஒரு தகப்பனைக் கற்பனை செய்து பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். அவன் கற்பனை என்பது வெளியே தெரியக் கூடாது. நல்ல சட்டம்தான். பெற்றவன் கம்பி நீட்டிவிட்ட இடத்தில் அரசாங்கம் முன்னால் வந்து, இந்தா பிடி என்று ஓர் அப்பாவைக் கையில் கொடுத்தால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

பக்கத்து ஊர்ப் பதிவாளர்களெல்லாம் இதைக் கால் நிமிடத்தில் முடித்தார்கள். வாயில் வந்த ஒரு பேர், தொழில் கூலி, அடுத்த ஆள் வா. ஹாய்துவால் அப்படி முடியவில்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரு பதிவேட்டையே எழுதி முடிக்கிற மனுஷன் அவர். முப்பத்தெட்டு வயதுவரை அவரை யாரும் கற்பனை செய்யச் சொன்னதில்லை. இப்போது அரசாங்கமே ஆணை போட்டுச் சொல்லும்போது ஏனோதானோ என்று செய்ய மனம் வருமா?

முதலில் வந்தவள் போர்பாலா. நாற்பத்தேழு மார்ச் மாதம். செங்கல் சூளையில் கல் சுமக்கிறவள், இருபது வயது, கையில் ஒன்பது நாள் பெண் குழந்தை.

"அப்பா பேரு?" என்றார் ஹாய்து.

"சொல்ல மாட்டேன்."

"சொல்லலைன்னா நானே ஒருத்தரை எழுதணும்மா. சட்டம்."

"எழுதிக்கோங்க. நான் பார்த்தவனைவிட நீங்க எழுதறவன் மோசமாவா இருந்துடப் போறான்?"

ஹாய்து அவளை வியாழக்கிழமை வரச் சொல்லிவிட்டு மூன்று நாள் யோசித்தார். அவருடைய அப்பா வாய்க்கால் வெட்டுகிற கூலி. ஹாய்து பார்த்த பெரிய தண்ணீர் டிஸா ஆறு. ஏறிய பெரிய கப்பல் அதைக் கடக்கிற தோணி. அதிலும் வாந்தி எடுத்தார். ஆனால் பன்னிரண்டு வயதில் அவருக்கும் ஓர் ஆசை இருந்தது. வியாழக்கிழமை அந்த ஆசையைத் தூசி தட்டி எடுத்துப் பதிவேட்டில் எழுதினார்: தந்தை, தார்னாய் கொர்னேல்; தொழில், கப்பல் அதிகாரி. குழந்தை, தார்னாய் எதெல்கா.

"கப்பலா!" போர்பாலாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சூளையில கேட்டா என்னன்னு சொல்றது?"

"கருங்கடல் பக்கம் போயிருக்கார்னு சொல்லு."

"ஒரு கடுதாசிகூடவா போட மாட்டாரு?"

"வெளிநாட்டுக் கடுதாசி நம்ம ஊருக்கு எங்கேம்மா வந்து சேருது?"

அது உண்மை. ஊரே நம்பியது.

அதற்கப்புறம் ஹாய்துவின் கை நிற்கவில்லை. அடுத்த சில வருடங்களில் ஒரு பியானோ வியாபாரி, ஓர் ஓட்டல் அதிபர், ஒரு மருந்துக்கடை முதலாளி, ஜமீனில் நிலம் அளக்கிற அதிகாரி ஒருத்தர் என்று பத்து அப்பாக்கள் வரிசையாக வந்து சேர்ந்தார்கள். எல்லோருக்கும் நல்ல பேர், நல்ல தொழில். கொடுப்பது என்று ஆன பிறகு கஞ்சத்தனம் எதற்கு என்பது அவர் கட்சி. அந்தப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் தெருவில் போனால், என் ஓட்டல்காரர் மகள் எவ்வளவு வளர்ந்துவிட்டாள் பார் என்று மனசுக்குள் பூரித்துப் போவார். இந்தப் பூரிப்புக்கு நடுவில் பிள்ளை பெறாதவர்களுக்கு என்று அரசாங்கம் ஒரு வரி போட்டது. நாட்டுக்கே அப்பா என்று சொல்லிக்கொள்கிற நாட்டுத் தலைவருக்குப் பேரன் பேத்தி பார்க்கும் ஆசை. ஊரில் பாதி அப்பாக்களை உண்டாக்கிய ஹாய்து அந்த வரியை முனகாமல் கட்டினார்.

எதெல்காவுக்கு ஏழு வயதானபோது ஒரு நாள் பதிவாளர் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். மூக்கு மட்டும்தான் மேசைக்கு மேலே தெரிந்தது.

"தெஷோ மாமா, எங்க அப்பா பேரு உங்க புஸ்தகத்துலதான் இருக்காமே. வேற என்ன போட்டிருக்கு?"

வேறொன்றும் போட்டிருக்கவில்லை. ஹாய்து பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, படிப்பது போல விரலை ஓட்டினார். "டான்யூபை மொஹாச்ல இக்கரையிலேர்ந்து அக்கரைக்கு நீந்தினவர்னு இருக்கு. நாய்னா பயம். பிளம்பழக் கொழுக்கட்டை ஒரே உட்காரல்ல பத்தொன்பது சாப்பிடுவார்."

"பத்தொன்பதா?"

"இருபதாவதை எடுப்பார். வைச்சுடுவார்."

வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை வந்து, புதிதாக ஏதாவது போட்டிருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவாள். ஒவ்வொரு தடவையும் ஏதாவது போட்டிருந்தது. கப்பல் போகிற ஆறு, கடல், துறைமுகம் எல்லாம் பள்ளிக்கூடச் சுவர்ப் படத்தில் தேடித் தேடி, பூகோளத்தில் வாத்தியாரையே திருத்துகிற அளவுக்கு வளர்ந்தாள். எட்டாம் வகுப்பு முடிக்கும்போது பள்ளிக்கே முதல். அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். மாவட்டத் தலைநகரில் இருக்கிற மேல்நிலைப் பள்ளியில் சேர வேண்டும். சேராவிட்டால் அம்மா வழியில் சூளை இருக்கவே இருக்கிறது.

அறுபத்தொன்று வசந்தத்தில் விண்ணப்பம் போனது. எதெல்காவின் பேருக்கு எதிரே எக்ஸ் குறி போட்டுத் திரும்பி வந்தது.

இதற்குள் ஆட்சி மாறி, தொழிலாளிகளின் கட்சி கைக்கு வந்திருந்தது. அந்த நாளில் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எழுத்து உண்டு. தொழிலாளி பெற்றதற்கு ஓர் எழுத்து, விவசாயி பெற்றதற்கு ஓர் எழுத்து. வர்க்க எதிரி பெற்றதற்கு எக்ஸ். தாய் இருபது வருடமாகக் கல் சுமந்தாலும் கணக்கில் வராது. பதிவேட்டில் அப்பன் என்ன, அதுதான் பேச்சு. தார்னாய் கொர்னேல், கப்பல் அதிகாரி. பழைய ஆட்சியின் கப்பல், பழைய ஆட்சியின் அதிகாரி. முடிந்தது கதை. பியானோ வியாபாரி மகனுக்கும் ஓட்டல் அதிபர் மகளுக்கும் அதே எக்ஸ். பதினோரு பேரில் அந்த வருடம் பள்ளி முடித்தது இந்த மூன்று பேர்தான். மீதி எட்டுப் பேர் அடுத்தடுத்து வரக் காத்திருந்தார்கள்.

போர்பாலா சூளைப் புழுதியோடு அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

"ஏன்யா, உன்னை நான் கப்பல் கேட்டேனா? ஒரு மண்வெட்டிக்காரனை எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா? என் பொண்ணு வாயில மண்ணள்ளிப் போட்டியே!"

நல்லது என்று நினைத்து ஹாய்து செய்த ஒரே காரியம் அது. அன்று மத்தியானம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நேராக மாடிக்குப் போய்ச் சபைச் செயலாளர் போக்ரோஷின் கதவைத் தட்டினார்.

போக்ரோஷுக்கு வயது முப்பத்து நாலு. ஆனால் கூட்டத்தில் எழுபது வயதுக் கிழவர்களையும் "பிள்ளைகளே" என்றுதான் கூப்பிடுவார். அரசு நமக்கு அப்பா, கட்சி நமக்கு அம்மா என்பது அவருடைய நிலையான பேச்சு. அப்பா அம்மா ரெண்டு பேரும் மேடையிலேயே குந்திட்டிருந்தா வீட்டுல அடுப்பை யாரு பத்த வைக்கிறது என்று ஒரு மே தினக் கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து போர்பாலா கேட்டாள். கேட்டது யார் என்று அவர் ஒரு மாதம் விசாரித்தார்.

"தோழர், அந்தக் கப்பல் அதிகாரி... அப்படி ஒருத்தர் கிடையாது," என்றார் ஹாய்து.

"தெரியும். ஓடிப்போயிட்டான்."

"ஓடிப்போகலை தோழர். பிறக்கவே இல்லை."

போக்ரோஷ் பதிவேடுகளை வரவழைத்து, ஒவ்வொரு பேராக விரல் வைத்துப் படித்தார். படிக்கப் படிக்க அவர் கழுத்து சிவந்தது.

"பதினோரு பேர்ல ஒரு கொல்லன் இல்லை. ஒரு தச்சன் இல்லை. ஒரு டிராக்டர் டிரைவர்கூடவா உங்க கற்பனைக்கு வரலை?"

"அப்போ டிராக்டரே ஊருக்கு வரலை தோழர்."

"தொழிலாளிகளோட அரசாங்கத்துல, தொழிலாளிகளோட நாற்காலியில உட்கார்ந்துகிட்டு, பதினோரு முதலாளிகளைப் பெத்துப் போட்டிருக்கீங்க!"

"கூலின்னு ஒரே ஒரு வார்த்தை மாத்திட்டாப் போதும் தோழர். பிள்ளைங்க படிச்சுக்கும்."

"அரசுப் பதிவேடு பொய் சொல்லிச்சுன்னு நான் எழுதிக் கொடுக்கணுமா? அப்பா பொய் சொல்வாரா?"

"இதுல பொய் சொல்லச் சொன்னதே அப்பாதான் தோழர். சட்டமா வந்தது."

அந்த வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஐம்பத்திரண்டு வயது மனுஷனை மூலையில் நிற்கவைக்காத குறைதான். சுயவிமர்சனம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார் போக்ரோஷ். முதல் தடவை, மனப்பூர்வமாக இல்லை என்று சிவப்புப் பென்சிலில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். இரண்டாம் தடவை, நீளம் போதாது. மூன்றாம் தடவை ஏற்றுக்கொண்டு ஓரத்தில், கையெழுத்து நன்று என்று போட்டார். தொழிலாளி வர்க்கத்தை அறிந்துகொள்ளட்டும் என்று திங்கட்கிழமையிலிருந்து ஹாய்துவைச் செங்கல் சூளைக்கு அனுப்பிவிட்டார். அப்பாக்கள் அப்படியே முதலாளிகளாக இருந்தார்கள். எக்ஸ் அப்படியே எக்ஸாக இருந்தது.

சூளையில் முதல் நாள் ஹாய்து கழுத்துப் பட்டையோடு வந்தார். பழக்கதோஷம். பதினோரு மணிக்கு உள்ளங்கையில் கொப்புளம் வந்து, பட்டையைக் கழற்றி அதில் சுற்றிக்கொண்டார். சூளைக் காவல் நாய்கூட அவரைப் பார்த்துக் குரைத்தது. அவர் கல் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். எல்லாவற்றையும் போர்பாலா பார்த்துக்கொண்டிருந்தாள். பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியில் பாதியைப் பிய்த்து எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திட்டத்தான் வந்தாள், அவர் கையைப் பார்த்ததும் பாதிதான் திட்டினாள்.

"உன்னையும் கீழே தள்ளிட்டானுங்களா, கிளார்க்கையா?"

"இனிமே நான் கிளார்க் இல்லை போர்பாலா."

"பின்னே யாரு?"

"தொழிலாளி. வேலைப் புஸ்தகம் கொடுத்திருக்காங்க. செங்கல் சூளைத் தொழிலாளின்னு முத்திரை குத்தி."

போர்பாலா மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். "திரும்பச் சொல்லு."

"செங்கல் சூளைத் தொழிலாளி."

"யோவ், உன் சட்டத்துல, நிஜ அப்பன் ஒருத்தன் வந்து இது என் பிள்ளைதான்னு கையெழுத்துப் போட்டா, புஸ்தகத்துல இருக்கிறவன் என்ன ஆவான்?"

"அடிச்சுடுவோம். புது ஆளை எழுதுவோம். பேரு, தொழில் எல்லாம்..." ஹாய்துவின் குரல் பாதியில் நின்றுவிட்டது.

அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் காது வரைக்கும் சிவந்தார்.

"நான் ஒரு பொம்பளை கையைக்கூடப் பிடிச்சதில்லையே போர்பாலா! ஊர் என்ன சொல்லும்?"

"நீ பிடிச்சதும் ஊருக்குத் தெரியாது, பிடிக்காததும் தெரியாது. என் பேரு பதினாலு வருஷமா ரிப்பேரு. இனிமே உன் பேரும் சேர்ந்து ரிப்பேரு ஆகட்டும். எம் பொண்ணு படிக்கணும்."

அதோடு விடவில்லை. பியானோ வியாபாரியின் பெண்டாட்டியாக ஊர் நம்பியிருந்தவளையும், ஓட்டல் அதிபரின் பெண்டாட்டியாக நம்பியிருந்தவளையும் சாயங்காலமே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு பேரும் முதலில் சீறினார்கள். ஓட்டலை விட்டுவிட்டுச் சூளைக்கு இறங்கிவர யாருக்குத்தான் மனம் வரும்? எக்ஸை நினைத்துப் பார்த்ததும் ஒத்துக்கொண்டார்கள். அடுத்த வியாழக்கிழமை மூன்று தாய்மார், மூன்று பிள்ளைகள், நடுவில் களிமண் ஒட்டிய தொப்பியைக் கையில் பிடித்தபடி ஹாய்து, எல்லோரும் ஊர்வலமாக ஊர்ச் சபைக்குப் போனார்கள். வழியில் ரொட்டிக்கடை வரிசையே திரும்பிப் பார்த்தது. ஹாய்து மானம் போகிற பாதையில் அவ்வளவு நேராக நடந்து யாரும் பார்த்ததில்லை.

அவருடைய பழைய நாற்காலியில் இப்போது இபோயா என்கிற இருபத்து மூன்று வயதுப் பெண் இருந்தாள். ஹாய்துதான் அவளுக்குப் பேனா பிடிக்கும் விதம் முதல் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனவர். சங்கதி கேட்டதும் அவள் வாய் திறந்தபடி நின்றது. போக்ரோஷ் மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்தார்.

"மூணு பேரும்? ஒரே வருஷத்துல? இந்த ஆளா?"

"போர் முடிஞ்ச நேரம் தோழர்," என்றாள் போர்பாலா. "ஊர்ல ஆம்பளை தட்டுப்பாடு."

"பொய்! அப்பட்டமான பொய்!"

இபோயா சட்டப் புத்தகத்தைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். "தாய் சம்மதிக்கணும். பதினாலு முடிஞ்சிருந்தா பிள்ளையும் சம்மதிக்கணும். பொய்யான்னு கேட்கச் சொல்லி இதுல ஒண்ணும் இல்லை தோழர். அரசாங்கத்தோட புஸ்தகம்தானே?"

போக்ரோஷ் மென்று விழுங்கினார். அப்பா எழுதியதை அவர் எப்படி மறுப்பார்? மாடிக்குப் போய்விட்டார், கதவு சாத்துகிற சத்தம் கீழே கேட்டது.

பியானோ வியாபாரி மகன் பேரை எழுதச் சொன்ன இடத்தில் எழுதிவிட்டு விளையாடப் போய்விட்டான். ஓட்டல் அதிபர் மகள் கொஞ்சம் அழுதுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். எதெல்கா போடவில்லை.

அம்மா விஷயத்தைச் சொல்லி இரண்டு நாளாகியிருந்தது. இப்போது மேசைக்கு முன்னால் நின்றாள். மேசை அவள் இடுப்பளவுதான் இருந்தது.

"நான் சரின்னு சொன்னா, எங்க அப்பாவை என்ன பண்ணுவீங்க?" என்று இபோயாவைக் கேட்டாள்.

"பேரு மேல கோடு போடுவோம்மா. சிவப்பு மையில."

எதெல்கா ஹாய்துவின் பக்கம் திரும்பினாள். "மொஹாச்ல நீந்தினது?"

"யாரும் நீந்தலை."

"உங்களுக்கு நீந்தத் தெரியுமா?"

"தெரியாது."

"கப்பல்ல போயிருக்கீங்களா?"

"தோணியிலயே வாந்தி எடுத்துடுவேன்."

"பின்னே எந்தத் தைரியத்துல இத்தனை வருஷம் சொன்னீங்க?"

சுயவிமர்சனம் மூன்று முறை எழுதியபோது வராத வெட்கம் ஹாய்துவுக்கு இப்போது வந்தது. தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே நின்றார். கடைசியில், "நீ கேட்க வருவியே, அதுக்காக," என்றார். "நீ வர்ற நாளைக்கு முந்தின வாரமே யோசிக்க ஆரம்பிச்சுடுவேன்."

போர்பாலாவுக்கு ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டாள். மகள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பள்ளிக்கூடம் போச்சு. ஆனாலும் இதில் அதட்டக் கூடாது என்று அவளுக்கே தோன்றியது.

எதெல்கா பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி அந்தப் பேரைப் படித்தாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

"சரி. ஆனா அவரைச் சாகடிக்கக் கூடாது. கோடு போட்டுக்கோங்க. அப்புறம் வேற யாருக்காவது கொடுத்துடுங்க. அப்பா இல்லாத பிள்ளை இன்னும் வருமில்ல?"

இபோயா தலையை ஆட்டினாள். கோடு போடும்போது மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

ஜூன் மாதம் எதெல்காவின் பேருக்கு எதிரே தொழிலாளி எழுத்து வந்தது. ஹாய்து எதெல்கா, மாவட்ட மேல்நிலைப் பள்ளி. அடுத்த வருடம் நிலம் அளக்கிற அதிகாரியின் மகனும், அதற்கடுத்து மருந்துக்கடைக்காரர் மகளும் இன்னும் இரண்டு பேரும் ஹாய்துவிடம் வந்து சேர்ந்தார்கள். எக்ஸ் முறையை அரசாங்கம் ஒழிக்கும்போது அவருக்குச் சட்டப்படி ஏழு பிள்ளைகள். ஊர்க் கிழவர்கள் மதுக்கடையில் அவரைப் பார்த்ததும் எழுந்து பாலின்கா வாங்கிக் கொடுத்தார்கள். என்ன செய்தீர்கள் என்று ரகசியம் கேட்டவர்களும் உண்டு.

ஆனால் இனிச் சொல்வது அந்த முதல் வருடம், செப்டம்பரில், எதெல்கா விடுதிக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பிளம்பழக் காலம். போர்பாலா கொழுக்கட்டை பிடித்துவைத்து, ஹாய்துவைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே அவர் சேதி சொன்னார். இபோயா வாக்குக் கொடுத்தபடி செய்துவிட்டாளாம். நெசவு ஆலைப் பெண் ஒருத்தி போன வாரம் ஆண் குழந்தையோடு வந்திருக்கிறாள். தந்தை, தார்னாய் கொர்னேல் என்று இபோயா எழுதியிருக்கிறாள்.

"தொழில்?" என்றாள் எதெல்கா.

ஹாய்து தட்டைப் பார்த்தார். "கப்பல் அடுப்புல கரி அள்றவர். இபோயாவும் பிழைக்கணுமே."

"அவரையும் கீழே தள்ளிட்டாங்களா!" போர்பாலா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள்.

எதெல்கா சிரிக்கவில்லை. ஹாய்துவின் தட்டில் விழுந்த பிளம் கொட்டைகளை விரலால் ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணினாள். பத்தொன்பது இருந்தன. ஹாய்து இருபதாவது கொழுக்கட்டையைக் கையில் எடுத்து, பார்த்துவிட்டு, திரும்ப வைத்தார்.

"பரவாயில்ல. உயிரோட இருக்காரில்ல," என்றாள் அவள். "சாப்பிடுங்கப்பா. கப்பல்காரர்தான் வைச்சுடுவார். நீங்க சாப்பிடலாம்."